16-க்கு 11 அடி ஹாலுக்கு ஒரு ஏ.வி. ரிசீவர்: அளந்ததும் மாற்றியதும்

திருவான்மியூரில் ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட். ஹால் 16 அடி நீளம், 11 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம். தரை முழுக்க விட்ரிஃபைட் டைல்ஸ். ஒரு பக்கம் பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவு, நடுவில் சீலிங் ஃபேன். பகலில் கச்சேரிப் பதிவும் பழைய சினிமாப் பாட்டும், ராத்திரியில் படமும் ஓட வேண்டும். இரண்டுக்கும் ஒரே ரிசீவர், அதாவது டி.வி., பிளேயர் எல்லாவற்றின் ஒலியையும் வாங்கி ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டி. வேலை ஐந்து வாரம் இழுத்தது. கடைசியில்தான் மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் இடதுபக்கம்) ‘தொம்’ என்று விழும்போது அந்தச் சத்தம், அடித்தொனிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்பூஃபர் இருக்கும் மூலையை விட்டு, மேடையில் மிருதங்கம் இருக்க வேண்டிய இடத்திலிருந்தே வர ஆரம்பித்தது. அதுவரை நடந்தவை வரிசையாகக் கீழே.

முதல் தப்பு, வேலையை ரிசீவரிலிருந்து தொடங்கியது. அறை எப்படி, ஸ்பீக்கர் எது, என்னென்ன பெட்டிகள் செருகப்படப் போகின்றன, இந்த மூன்றும் முடிவான பிறகுதான் ரிசீவர் பக்கம் போக வேண்டும். தலைகீழாகப் போனதில் இரண்டு வாரம் வாட் எண்களை ஒப்பிடுவதிலேயே கழிந்தது.

வாட் கணக்கு

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் ‘சேனலுக்கு 150 வாட்’ என்று இருக்கும். கீழே பொடி எழுத்தில் பார்த்தால் 6 ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), ஒரே ஒரு சேனல், அதாவது ஒரு ஸ்பீக்கர் மட்டும் ஓடும்போது. அதே பெட்டியின் விவரக்குறிப்பில் இன்னொரு வரி இருக்கும்: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08 சதவீத டிஸ்டார்ஷன், இரண்டு சேனல் சேர்ந்து ஓடும்போது 80 வாட். ஒப்பிட வேண்டிய எண் இதுதான். ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் உழைத்தால் இதுவும் குறையும். எல்லாவற்றுக்கும் சாப்பாடு போடுவது ஒரே டிரான்ஸ்ஃபார்மர்.

இந்த ஹாலுக்கு 80 வாட் போதுமா என்று போட்ட கணக்கு இப்படி. எடுத்த ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 86 டெசிபெல், அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம். சோபா 3 மீட்டர் தள்ளி. திறந்தவெளியானால் அந்தத் தூரத்தில் 9.5 டெசிபெல் போய்விடும். நான்கு சுவருக்குள் ஆறேழு டெசிபெல்தான் போகும். ஆக சோபாவில் 1 வாட்டுக்கு சுமார் 80 கிடைக்கும். 80 வாட் என்பது அதற்கு மேல் 19 டெசிபெல், ஒரே ஸ்பீக்கரில் 99. இரண்டு சேர்ந்தால் இன்னும் 3. ஃப்ளாட்டில் யாரும் அவ்வளவு சத்தத்தில் பத்து நிமிஷம்கூடக் கேட்கப் போவதில்லை. அடுத்த மாடலுக்குப் போய் 110 வாட் வாங்கினால் கூடுவது 1.4 டெசிபெல். காதுக்குச் சரியாகத் தெரியாத அந்த வித்தியாசத்துக்குக் கொடுக்கும் பணத்தை சப்பூஃபரில் போடுவதே சரி, அப்படித்தான் போட்டோம்.

இந்தக் கணக்கு மாறும் இடம் ஒன்று உண்டு: 4 ஓம் ஸ்பீக்கர். முதலில் பார்த்த ஜோடி 4 ஓம், சென்சிட்டிவிட்டி 83. அதே 3 மீட்டரில் அதே சத்தம் வர இரண்டு மடங்கு வாட் வேண்டும், அதையும் குறைந்த ஓமில் கொடுக்க வேண்டும். நடுத்தர விலை ரிசீவர் சூடாகித் தன்னையே அணைத்துக்கொள்ளும். மெனுவில் ‘இம்பீடன்ஸ்’ என்று ஒரு அமைப்பு இருக்கும், அதை 4-க்கு மாற்றினால் சூடு குறையும்தான், கூடவே கிடைக்கும் பவரும் குறையும். அதனால் ஸ்பீக்கரை மாற்றி, 6 ஓம், 86 டெசிபெல், 5 அங்குல ஊஃபர் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடிக்கு வந்து சேர்ந்தோம்.

பின்பக்கத்தைப் படமாக வரைந்து பார்த்தது

ஒரு ஏ4 தாளில் டி.வி., செட்டாப் பாக்ஸ், ப்ளூ-ரே பிளேயர், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக், பின்னால் வரப்போகும் கேம் கன்சோல், எல்லாவற்றையும் வரைந்து கோடு போட்டதும் பாதி மாடல்கள் தானாக விலகின. வேண்டியது நான்கு எச்.டி.எம்.ஐ. உள்ளீடு, ஒரு இ-ஆர்க் வெளியீடு, இரண்டு சப்பூஃபர் வெளியீடு, லேன் துளை.

இ-ஆர்க் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடையில் அதிகம் குழப்புவது இதுதான். டி.வி.க்குள் இருக்கும் ஆப்பில் படம் பார்த்தால் சத்தம் டி.வி.யிலிருந்து அதே எச்.டி.எம்.ஐ. வயர் வழியாக ரிசீவருக்குத் திரும்பி வர வேண்டும். பழைய ஆர்க்கிலேயே டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற பல சேனல் ஒலி வடிவம் வரும், உயரத்திலிருந்தும் ஒலி வரும் அட்மாஸை ஓ.டி.டி. ஆப்கள் கொடுப்பதும் அந்த வடிவில்தான். ஓ.டி.டி. மட்டும் பார்ப்பவருக்கு ஆர்க்கே போதும். ப்ளூ-ரே தட்டில் இருக்கும், தரம் குறையாத ட்ரூ-எச்.டி. ஒலியை டி.வி. வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டுமானால்தான் இ-ஆர்க் கட்டாயம். பிளேயரை நேராக ரிசீவரில் செருகினால் அந்தக் கவலையும் இல்லை. ஆப்டிகல் வயரில் டால்பி டிஜிட்டல், டி.டி.எஸ்., இரண்டு சேனல் பி.சி.எம். (சுருக்காத ஒலி) தவிர வேறெதுவும் வராது.

கேம் கன்சோல் உண்டென்றால் 4கே 120 ஹெர்ட்ஸ் வேலை செய்கிறதா என்று கடையிலேயே செருகிப் பார்க்க வேண்டும். 2020-ல் வந்த முதல் எச்.டி.எம்.ஐ. 2.1 ரிசீவர்கள் பலவற்றில் உள்ளே இருந்த சிப் காரணமாக ஒரு கன்சோலின் 4கே 120 படம் கருப்பாகிப் போனது. பழைய ஸ்டாக் மலிவாகக் கிடைத்தால் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

கடைசிப் பட்டியலில் நின்றவை யமஹா ஆர்.எக்ஸ்.-வி4ஏ, வி6ஏ, டெனான் எக்ஸ்1700எச், எக்ஸ்3700எச். வி4ஏ 5.2 சேனல், அதாவது ஐந்து ஸ்பீக்கர், இரண்டு சப்பூஃபர் வெளியீடு. வி6ஏ-யும் எக்ஸ்1700எச்-உம் 7.2. எக்ஸ்3700எச் 9.2, எல்லாச் சேனலுக்கும் ப்ரீ-அவுட் (வேறு ஆம்புக்கு ஒலியை அனுப்பும் துளை) உண்டு, மைக் வைத்து அளந்து அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் ரூம் கரெக்‌ஷனும் ஆடிஸி என்ற மென்பொருளின் மேல்வகுப்பான எக்ஸ்.டி.32. சேனல் எண்ணிக்கையைப் பார்த்துக் குழம்பாமல் பார்க்க வேண்டியது அந்தக் கடைசி இரண்டைத்தான். ப்ரீ-அவுட் இருந்தால் பின்னாளில் பாட்டுக்கென்று தனி பவர் ஆம்ப் சேர்க்கலாம். ரூம் கரெக்‌ஷன் நன்றாக இருந்தால் டைல்ஸ் ஹாலின் பாதி நோய் தீரும். பட்ஜெட் இடம் கொடுக்காததால் 7.2 சேனல், 80 வாட் வகுப்பில் ஒன்றை 52,000 ரூபாய்க்கு, இந்திய வாரண்டி அட்டையோடு வாங்கியாயிற்று.

7.2 என்பதால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் போட்டு 5.1.2 ஆக்கலாம் என்ற ஆசை இருந்தது. முன் ஸ்பீக்கர் மேல் வைத்து மேல்தளத்தில் பட்டுத் திரும்பும் வகையைக் கடன் வாங்கிப் பார்த்தோம். ஒலி பட வேண்டிய இடம் 1200 மி.மீ. ஃபேனின் இறக்கை வீச்சு ஓரத்திலேயே விழுந்தது. ஃபேனை நிறுத்தினால் சுமாராக இருந்தது, ஓடவிட்டால் ஒன்றும் இல்லை. சென்னையில் ஃபேன் இல்லாமல் எத்தனை மாதம் படம் பார்க்க முடியும்? அந்த இரண்டு சேனலும் இப்போதைக்குச் சும்மா இருக்கின்றன.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வரும்போது கொண்டுவரச் சொல்லும் யோசனையும் வந்தது. அங்கே விற்பது 120 வோல்ட் பெட்டி. இங்கே 230-ல் நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஓடும், ஆனால் அது தனி எடை, தனி உறுமல், வாரண்டியும் கிடையாது. மிச்சமாகும் பணம் அதற்கு ஈடாகாது.

வயர்

ரிச்சி தெருவில் ஒரு கடையில் சிவப்பு-கருப்பு ஸ்பீக்கர் வயர் 30 மீட்டர் சுருள் 900 ரூபாய்.

“அண்ணே, இது ஃபுல் காப்பரா?”

“காப்பர்தான் தம்பி, செவப்பா இருக்கு பாருங்க.”

சிவப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு இழையை பிளேடால் சுரண்டியதும் உள்ளே வெள்ளி நிறம். அலுமினியத்தின் மேல் தாமிரப் பூச்சு. வலது சர்ரவுண்டுக்கு, அதாவது பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் தூரம் 13 மீட்டர். மறுமுனையில் இரண்டு வயரையும் முறுக்கி ஒட்டிவிட்டு இந்த முனையில் மல்ட்டிமீட்டர் வைத்தால் 1.4 ஓம். மீட்டரின் சொந்த வயர் 0.3 ஓமைக் கழித்தால் 1.1. ஸ்பீக்கரே 6 ஓம், அதில் இவ்வளவு வயரிலேயே போனால் சத்தமும் குறையும், தொனியும் மாறும். ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள், அதாவது இங்கே 0.3-க்குள் வயர் இருக்க வேண்டும். கடல் காற்று அடிக்கும் ஏரியாவில் இந்தப் பூச்சு வயரின் வெட்டுமுனை சீக்கிரம் வெளுத்துப் பொடியாகும், அது இன்னொரு தொல்லை.

அடுத்த முறை எலக்ட்ரிகல் கடைக்கே போய், வீட்டு வேலைக்கு விற்கும் 2.5 சதுர மி.மீ. இரட்டை ஃப்ளெக்ஸிபிள் தாமிர வயர் 45 மீட்டர், மீட்டர் 62 ரூபாய்க்கு. அதே தூரத்தில் 0.2 ஓம்தான் காட்டியது. ஸ்பீக்கருக்கென்று விளம்பரம் செய்யும் வயர் எதுவும் தேவையில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள மின்வயர் போதும்.

முனையைச் சீவும்போது இழைகள் கொஞ்சம் அதிகமாகவே வெளியே வரும். அதில் ஒரே ஒரு இழை பக்கத்து டெர்மினலைத் தொட்டதால் முதல் முறை ஆன் செய்ததும் ரிசீவர் சிவப்பு விளக்கை மினுக்கி நின்றுவிட்டது. 10 மி.மீ. மட்டும் சீவி, இறுக்கி முறுக்கி, பனானா ப்ளக்கில் நுழைத்துத் திருகிய பிறகு அது வரவில்லை. ஐந்து ஸ்பீக்கருக்கு இரண்டு முனையும் சேர்த்து 20 ப்ளக், ஒன்று 55 ரூபாய்.

இணைத்ததும் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு பென்சில் பேட்டரி போதும். ரிசீவர் பக்க ப்ளக் இரண்டையும் கழற்றி, பேட்டரியின் பிளஸைச் சிவப்பு ப்ளக்கிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். ஊஃபரின் கோன் வெளியே தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் எங்கேயோ மாறியிருக்கிறது. இடது சர்ரவுண்ட் இங்கே உள்ளே இழுத்தது. சுவர் மூலையில் வயரைத் திருப்பியபோது நிறம் மாறிப் பிடித்ததுதான் காரணம்.

எச்.டி.எம்.ஐ.க்குச் சுவருக்குள் ஏற்கனவே ஒரு அங்குல கன்ட்யூட் (வயர் போகும் பைப்) இருந்தது, இரண்டு வளைவோடு. வயர் மெலிது, ஆனால் தலை 20 மி.மீ. அகலம். முதல் வளைவிலேயே சிக்கிக்கொண்டது. சோப்புத் தண்ணீர், ஸ்பிரிங் எல்லாம் போட்டு இரண்டு மணி நேரம் வீண். கடைசியில் 40 மி.மீ. பி.வி.சி. கேசிங் பட்டையைச் சுவரின் மேலேயே ஒட்டி, வெள்ளை அடித்துவிட்டோம், 180 ரூபாய். வயர் 3 மீட்டர், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ சான்று உள்ளது, 1,100 ரூபாய். 5 மீட்டருக்குள் சாதாரணத் தாமிர வயரே போதும்.

உறுமல்

எல்லாம் இணைத்துச் சத்தமே இல்லாமல் வைத்தபோது சப்பூஃபரிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓயாத உறுமல். முதலில் பழி சப்பூஃபர் வயர் மேல் விழுந்தது. மாற்றியும் பயனில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றியதில், செட்டாப் பாக்ஸின் பின்னால் இருக்கும் கேபிள் டி.வி. கோஆக்ஸைத் திருகி எடுத்த நொடியில் உறுமல் நின்றது.

சப்பூஃபருக்கு மூன்று முள் ப்ளக், அதனால் வீட்டு எர்த். கோஆக்ஸின் வெளிக்கம்பி வலை மொட்டைமாடி ஆம்ப்ளிஃபயர் வழியாக வேறெங்கோ எர்த் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம். அது எச்.டி.எம்.ஐ. உறை, ரிசீவர், சப்பூஃபர் வயர் என்று சுற்றி ஓடுகிறது. கோஆக்ஸுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் 250 ரூபாய் ஐசொலேட்டர் ஒன்றைத் திருகியதும் முற்றிலும் அமைதி. சப்பூஃபர் ப்ளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிட்டாலும் உறுமல் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. உயிருக்கு ஆபத்து, செய்யவே கூடாது.

இன்வெர்ட்டர் பற்றியும் இங்கேயே. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ரிசீவரை ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் இரையும், சூடாகும். ப்யூர் சைன் வேவ் இல்லையென்றால் ஹால் ப்ளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

சூடு

டி.வி. யூனிட்டில் ரிசீவருக்கு ஒதுக்கிய அறைக்கு முன்னால் கண்ணாடி ஷட்டர், பின்னால் முழுப் பலகை, மேலே இரண்டு அங்குல இடைவெளி. மே மாத மதியம் ஏ.சி. இல்லாமல் ஒன்றரை மணி நேரம் ஓடியதும் மேல்மூடி 61 டிகிரி காட்டியது, பத்து நிமிஷம் கழித்து தானாக அணைந்தது. ஷட்டரைத் திறந்து வைத்தும் 55-க்குக் கீழே இறங்கவில்லை. காற்று பின்னால் போக வழியில்லை, அதுதான் கோளாறு. தச்சர் வந்து ஹோல்-சா வைத்துப் பின்பலகையில் நான்கு அங்குல ஓட்டை இரண்டு போட்டார், கூலி 700. தட்டை இரண்டு அங்குலம் கீழே இறக்கியதில் மேலே நான்கு அங்குலம் கிடைத்தது. ஒரு ஓட்டையில் 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேனை 5 வோல்ட்டில், டி.வி.யின் யு.எஸ்.பி. துளையிலிருந்து ஓடவிட்டோம். 12 வோல்ட் ஃபேன் 5 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும், சத்தம் கேட்காது. டி.வி. அணைந்தால் அதுவும் நிற்கும். அதே சோதனையில் இப்போது 45 டிகிரி.

அறையும் மைக்கும்

காலி ஹாலில் கைதட்டினால் ‘ட்ரிங்’ என்று இழுக்கிறதா? அந்த இழுவை இருக்கும்வரை எந்த ரிசீவரிலும் தம்பூரா தெளிவாகக் கேட்காது. கண்ணாடிக் கதவுக்கு, பாரிமுனை கோடவுன் தெருவில் கனமான துணி எடுத்து இரண்டு மடங்கு சுருக்கம் வைத்துத் தைத்தாயிற்று, 3,400. சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவில் 6-க்கு 8 அடி தடித்த விரிப்பு, 5,500. இந்த 8,900 ரூபாயில் கிடைத்த தெளிவு, ரிசீவரில் இன்னும் இருபதாயிரம் கூட்டியிருந்தாலும் கிடைத்திருக்காது.

அடித்தொனி வேறு விஷயம், துணிக்கு அடங்காது. 16 அடி நீளம் 35 ஹெர்ட்ஸிலும், 11 அடி அகலம் 52 ஹெர்ட்ஸிலும் அறையை வீங்க வைக்கும். சப்பூஃபரை மூலையில் வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளிலும் கடன் வாங்கிய அளவை மைக்கிலும் பார்த்தால் 35-ல் 11 டெசிபெல் மேடு. சரியான இடம் கண்டுபிடிக்கப் பழைய வழிதான்: சப்பூஃபரைச் சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, அடித்தொனி நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, முன்சுவரை ஒட்டித் தவழ்ந்து போய், எங்கே எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கிறதோ அங்கே சப்பூஃபரை வைப்பது. மூலையிலிருந்து மூன்று அடி தள்ளி அந்த இடம் கிடைத்தது. சோபாவையும் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தோம். மேடு 6-க்கு இறங்கியது. மீதியைக் கரெக்‌ஷன் 3-க்குக் கொண்டுவந்தது.

சப்பூஃபரின் பின்னால் இருக்கும் ஃபில்டர் குமிழை உச்சத்தில் அல்லது ‘எல்.எஃப்.இ.’யில் வையுங்கள். பிரிக்கும் வேலையை ரிசீவர் செய்கிறது. இரண்டு இடத்தில் பிரித்தால் நடுவில் பள்ளம் விழும்.

இப்போது தொப்பி விஷயம். ரிசீவரின் முதல் அளவீட்டில் அதன் மைக்கை நேரடியாகச் சோபாவின் முதுகில் வைத்தோம், ஃபேனும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. முன் ஸ்பீக்கருக்கு ரிசீவர் தேர்ந்தெடுத்த கிராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழே ஒலி சப்பூஃபருக்குப் போகும் என்ற எல்லை, 110 ஹெர்ட்ஸ். அதன் விளைவாக மிருதங்கத்தின் கனத்த பாதி சப்பூஃபர் பக்கம் போய்விட்டது. 80-க்கு மேலே போகப் போக, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது பிடித்துவிடும். வலந்தலை (மிருதங்கத்தின் வலதுபக்கம்) நடுவிலும் தொப்பி வலது மூலையிலும் கேட்டது. எண்ணை மட்டும் 80-க்கு இறக்கினால் பயனில்லை. தானாகக் கண்டுபிடித்த எல்லைக்குக் கீழே ஆடிஸி அந்த ஸ்பீக்கரைத் திருத்தாது. கிராஸ்ஓவரை மேலே ஏற்றலாம், கீழே இறக்கக் கூடாது. அதனால் மறுபடி அளந்தோம். மைக்கை கேமரா முக்காலியில், உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில், சோபாவின் முதுகிலிருந்து ஒரு அடி முன்னால் வைத்து, ஃபேன், ஏ.சி., ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைத்து, எட்டு இடத்தில். எட்டும் இரண்டடிச் சுற்றுக்குள்தான். இந்த முறை 60 வந்தது. அதை 80-க்கு ஏற்றியதும் மிருதங்கம் ஒரே வாத்தியமாக ஒரே இடத்தில் உட்கார்ந்தது.

முடிவுகளில் சப்பூஃபர் தூரம் நிஜத் தூரத்தைவிட இரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டும். தப்பென்று நினைத்து டேப் வைத்து அளந்து மாற்றிவிடாதீர்கள். சப்பூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்துத்தான் அந்த எண். லெவல் -12-ல் போய் முட்டி நின்றால் சப்பூஃபரின் குமிழைக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். ‘லார்ஜ்’ என்று வந்த ஸ்பீக்கர் எதுவானாலும் ‘ஸ்மால்’ ஆக்குங்கள், அப்போதுதான் அடித்தொனி சப்பூஃபருக்குப் போகும். படத்தின் தனி அடித்தொனிச் சேனலான ‘எல்.எஃப்.இ.’யின் எல்லை 120-லேயே இருக்கட்டும்.

பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று

படத்துக்கு: டைனமிக் ஈக்யூ (சத்தம் குறைத்தாலும் அடித்தொனி மங்காமல் ஏற்றுவது) ஆன், ஆஃப்செட் 0, சென்டர் ஒன்றரை டெசிபெல் மேலே. சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை முன்னால் இழுத்து, அடியில் ரப்பர் வைத்துக் காது பக்கம் சாய்த்ததில் வசனம் இன்னும் தெளிந்தது. டி.வி.யின் ஆடியோ அவுட்புட் ‘பாஸ்த்ரூ’வில் (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்புவது) இருக்க வேண்டும். ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் ஆர்க் வழியே இரண்டு சேனல்தான் வரும், ஐந்து ஸ்பீக்கர் வாங்கியும் பயனில்லை. ஓ.டி.டி.யில் மொழியை மாற்றினால் ஆடியோ வடிவமும் மாறலாம், அதனால் ரிசீவரின் முகப்பில் என்ன எழுத்து வருகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டுக்கு: ‘ஸ்டீரியோ’ மோட், டைனமிக் ஈக்யூ ஆஃப். முதல் வாரம் ‘ப்யூர் டைரக்ட்’ என்ற பெயரை நம்பி அதில் கேட்டோம். அதில் ரூம் கரெக்‌ஷன் நிற்கும், பல மாடல்களில் சப்பூஃபருக்குப் பிரிப்பதும் நிற்கும். 5 அங்குல ஊஃபர் தனியாகத் திண்டாடியது, பாட்டு மெலிந்து கேட்டது. கச்சேரிப் பதிவுக்குப் பெரிய உதவி ஆடிஸியின் கட்டண ஆப்பிலிருந்து வந்தது. அதில் ‘மிட்ரேஞ்ச் காம்பென்சேஷன்’ என்று ஒன்று இருக்கிறது. 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே ஒரு பள்ளம் போடுகிறது. அதை அணைத்ததும் வயலின் ஒரு அடி முன்னால் வந்தது. திருத்தத்தின் மேல் எல்லையை 500 ஹெர்ட்ஸில் நிறுத்தினோம். அதற்கு மேல் ஸ்பீக்கரின் சொந்தக் குரல். மோனோ பதிவுகளுக்கு சர்ரவுண்ட் எதையும் சேர்க்காதீர்கள், குரல் கலங்கிவிடும்.

பாட்டு மட்டும் கேட்பவர் இதே பணத்தில் இரண்டு சேனல் ஆம்ப் வாங்கினால் நல்லதா? கார்ப்பெட் போட்ட, புத்தக அலமாரி நிறைந்த அறையானால் ஆம். டைல்ஸ் ஹாலில், சப்பூஃபரையும் சேர்த்துத் திருத்தும் ரிசீவர்தான் முன்னால் நிற்கிறது. இரண்டையும் இதே ஹாலில் மாற்றி மாற்றிக் கேட்டுச் சொல்வது இது.

செலவும் அடுத்த முறையும்

ரிசீவர் 52,000. முன் ஜோடி 26,000, சென்டர் 14,500, சர்ரவுண்ட் ஜோடி 13,000, 10 அங்குல சப்பூஃபர் 28,000. நல்ல வயரும் ப்ளக்கும் 3,890, வீணான வயர் 900. எச்.டி.எம்.ஐ., கேசிங் 1,280, சப்பூஃபர் வயர் 600, ஐசொலேட்டர் 250. துணியும் விரிப்பும் 8,900, தச்சர் கூலி 700, சின்ன ஃபேன் 450. ஆகமொத்தம் 1,50,470 ரூபாய்.

மறுபடி செய்வதானால் சென்டருக்கும் சர்ரவுண்டுக்கும் இன்னும் ஒரு மாதம் காத்திருந்து, ப்ரீ-அவுட்டும் எக்ஸ்.டி.32-உம் உள்ள வகுப்புக்கு ரிசீவரை உயர்த்தி, முதலில் 2.1 (இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்பூஃபர்) ஆகவே ஓட்டியிருக்கலாம். பாட்டுக்கு அதுவே போதும், படத்துக்கு ஐந்து ஸ்பீக்கரும் பிறகு வந்து சேரலாம். ஸ்பீக்கரைப் பின்னால் சேர்ப்பது சுலபம், ரிசீவரில் இல்லாத துளையைப் பின்னால் போட முடியாது. சுவர் பூச்சு நடக்கும் வீடானால் எச்.டி.எம்.ஐ.க்கு இரண்டு அங்குல பைப், வளைவில் எல்போ வேண்டாம், நீள வளைவு பெண்ட். ஹாலின் பின்பக்கம் சர்ரவுண்டுக்கும் அப்போதே வயர் இழுத்து விட வேண்டும்.

மழைக்காலம் முடிந்ததும் பனானா ப்ளக் எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி, பச்சை பிடித்த முனையை 5 மி.மீ. வெட்டிப் புதிதாகச் சீவிப் போட வேண்டும். அதற்காக ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் ஒரு அடி வயர் சுருட்டி விட்டிருக்கிறது.